அந்த ஊருக்கு மூன்று நாள்

ஆகஸ்ட் 4

அண்ணி,

இந்தத் தபால் கட்டுக்குள் பதினோரு உறைகள் இருக்கின்றன. உங்கள் பெயருக்கு இன்னும் இந்த வீட்டுக்குத்தான் தபால் வருகிறது. உணவியல் சங்கத்தின் இரண்டு இதழ்கள், பல் டாக்டரின் நினைவூட்டல், மற்றதெல்லாம் விளம்பரம். முகவரியை உங்கள் வக்கீலிடம் வாங்கினேன். தபால் அனுப்ப மட்டும்தான் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டாவது உறை இது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

‘அண்ணி’ என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்ததிலேயே ஒரு நாள் போயிற்று. அண்ணனும் நீங்களும் இனிக் கணவன் மனைவி இல்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. நாத்தனாரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்துப் பார்த்துவிட்டேன். படிப்பதுதானே என் பிழைப்பு.

நான் இன்னும் அதே மூன்றாம் மாடி அலுவலகத்தில்தான் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்குக் கடைசியில் பொருளடைவு போட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் தேனீ வளர்ப்பு. இந்த மாதம் ஒரு பயணக் கையேடு, ஐரோப்பியத் தலைநகரங்கள் வரிசையாக. நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திருப்பினால் அந்த ஊர்.

நம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அதே படம்தான். ஆறு, வளைவு வளைவான பாலம், பின்னால் கூம்புக் கோபுரம். அம்மா முன்னறையில் திட்ட ஆரம்பித்தால் நீங்கள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே என் காதருகில், ‘வா, அந்த ஊருக்குப் போயிடலாம்’ என்பீர்கள். இத்தனை தலைநகரங்கள் இருக்க அதை ஏன் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை. காலண்டரில் அந்த மாதம் அந்தப் படம் வந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். போகலாமா, அண்ணி? மூன்று நாள். பார்ப்பது, சாப்பிடுவது, திரும்பி வருவது. எனக்கு ஆறு மணி நேர ரயில். உங்களுக்கு விமானம்தான் சரிப்படும்.

உங்களுக்கு நான் இன்னும் யாராவதாக இருக்கிறேனா என்று நேராகக் கேட்கத் தெரியாததால் இப்படிக் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்
(தீர்ப்பில் மறுப்பு எதுவும் இல்லாததால்)


ஆகஸ்ட் 15

கொசுவே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். இங்கே காகிதத்துக்குத் தனித் தொட்டி, வியாழக்கிழமைதான் வண்டி வரும். புதன்கிழமை சாயங்காலம் எடுத்துவிட்டேன். ஒரு மூலையில் காப்பிக் கறை. அதற்கு நீதான் பொறுப்பு.

பதினான்கு மாதம். உன் அம்மா எழுதமாட்டார், அவர் தன் பிள்ளைக்கு அம்மா. உன் அண்ணன் எழுதக்கூடாது. உனக்கு என்ன, விரல் சுளுக்கா? நான் இரண்டு பெட்டியோடு வாசலில் நின்றபோது நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். கார் வர இருபது நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடமும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதாமல் மேற்கொண்டு எழுத வரவில்லை. எழுதிவிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு. தினமும் இருநூற்றுப் பத்துத் தட்டுகள் என் கண்முன்னால் போகின்றன. உப்பில்லாதவருக்கு மஞ்சள் அட்டை, சர்க்கரை ஆகாதவருக்கு நீலம், மெல்ல முடியாதவருக்குப் பச்சை. ரொட்டி நாற்பது கிராம், வெண்ணெய் எட்டு கிராம். வீட்டுக்கு வந்து எனக்கென்று ஒரு தட்டில் போட்டால் கண் தானாக எடை போடுகிறது. அந்த ஊரில் நான் எதையும் நிறுக்க மாட்டேன். வெண்ணெயைத் தடவித் தின்பதாக இல்லை, வெட்டித் தின்பதாக இருக்கிறேன்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். போன வருஷம் ஜனவரியில் இதே ஆஸ்பத்திரி என்னை உணவுப் பிரிவுக்குத் தலைவியாகக் கூப்பிட்டது, நினைவிருக்கும். வேண்டாம் என்று எழுதிப்போட்டேன். ஆறு மாதம் கழித்து நானே வந்து கதவைத் தட்டியபோது அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன். நல்லவள்தான். ஆனால் உப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. போகட்டும், என் புத்தி அப்படி.

அக்டோபர் 9, 10, 11. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைக்குமா தெரியாது. திட்டம் நீயே போடு. நீ போட்டால் ஓட்டை இருக்காது. உன் அண்ணன் பேச்சு மட்டும் எடுக்கக்கூடாது. என் போன் நம்பர் கேட்காதே. குரலைக் கேட்டால் அந்த வீடு முழுக்கக் கேட்கும். கடிதமென்றால் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

அண்ணி
(பழக்கதோஷம்)


ஆகஸ்ட் 22
அனுப்பாதது

அண்ணி,

உங்கள் கடிதத்தில் ‘என் புத்தி அப்படி’ என்று ஒரு இடம் வருகிறது. அங்கே நின்றுவிட்டேன்.

அது உங்கள் புத்தி இல்லை. நீங்கள் அந்த வேலையை வேண்டாம் என்றதற்கு இரண்டு மாதம் முன்னால், நவம்பரில், அண்ணன் நாலு நாள் அலுவலகப் பயிற்சி என்று போனான். திரும்பி வந்ததும் அவன் கோட்டைச் சலவைக்குக் கொடுக்க நான் பையைத் துழாவினேன். டிராம் டிக்கெட் இரண்டு. அந்த ஊர் டிராம். கோபுரப் படம் போட்டிருந்தது, எனக்குத் தெரியாதா அந்தக் கோபுரம். மொட்டைமாடியில் வைத்துக் கேட்டேன். மறுக்கவில்லை. அலுவலகத்தில் ஒருத்தி என்றான். ‘அவகிட்ட சொல்லிடாத. நானே முடிச்சுடறேன், ஒரு மாசம் குடு’ என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோல. மீன் சூப் எங்கே நன்றாக இருக்கும், கோபுரத்துக்கு எந்தப் பக்கம் கூட்டமில்லை. நானும் கேட்டேன், அண்ணி. அதுதான் இன்னும் கூசுகிறது. கேட்கப் பிடித்திருந்தது.

ஒரு மாதம் ஆயிற்று, இரண்டாயிற்று. ஜனவரியில் நீங்கள் அந்த வேலைக் கடிதத்தை என் கட்டிலில் விரித்து வைத்து, ‘போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு. இந்த வீட்டுல நீதான் யோசிச்சுப் பேசுவ’ என்றீர்கள். ‘போகாதீங்க அண்ணி’ என்றேன். அண்ணனுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்பதற்காகச் சொன்னேன். ஜூனில் அவன் வாயாலேயே உங்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஏழு மாதமாகத் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டது அதனால்தான்.

இதை அனுப்பினால் நீங்கள் வரமாட்டீர்கள். அனுப்பாமல் அங்கே உங்கள் எதிரில் உட்கார்ந்து மூன்று நாள் சாப்பிட என்னால் முடியுமா என்று பார்க்கிறேன். முடியும் போலிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 24

அண்ணி,

காப்பிக் கறைக்கு முழுப் பொறுப்பும் ஏற்கிறேன்.

திட்டத்தை ஒரு நோட்டில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். இருபத்திரண்டு பக்கம். கடைசியில் பொருளடைவும் போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், கை நிற்கவில்லை. ‘வெண்ணெய்’ என்று தேடினால் ஐந்து பக்க எண்கள் வரும். ‘படிகள்’ என்று தேடினால் எங்கெல்லாம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது என்று தெரியும்.

முதல் நாள் பழைய நகரம். உங்கள் விமானம் பதினொன்றுக்கு இறங்கும், என் ரயில் பன்னிரண்டேகாலுக்கு. ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே நில்லுங்கள், நகராதீர்கள். இரண்டாம் நாள் காலை கூரை போட்ட பெரிய சந்தை. ரொட்டிக்காரர்கள் ஆறரைக்கே திறந்துவிடுகிறார்கள். ஏழரைக்கு மேல் போனால் கருப்பு ரொட்டி தீர்ந்துவிடுமாம். பாலாடைக்கட்டி கடைகளில் கேட்டால் ருசி பார்க்கத் துண்டு தருவார்களாம். ஆறு கடையில் கேட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். உங்களுக்கு மானம் போகும் என்றால் நான் மட்டும் கேட்கிறேன், நீங்கள் தெரியாதவர் மாதிரி பக்கத்தில் நின்று தின்னுங்கள். மூன்றாம் நாள் ஆற்றில் படகு, மழை வந்தால் அரண்மனை, அரண்மனை மூடியிருந்தால் இன்னும் ஒருமுறை சந்தை.

நேற்று முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்றார். பயணம் என்றேன். பயணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறதே, இப்போதே ஏன் பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறாய் என்றார். சரியாகத்தான் கேட்டார்.

லீவு கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

கொசு


செப்டம்பர் 2, மதிய இடைவேளை

கொசுவே,

லீவு கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன், தீர்ந்துவிடக்கூடாது என்று. எங்கள் சமையல்கூடத்தில் தட்டு அடுக்குபவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, இது யார் எழுதியது என்று கேட்டாள். என் நாத்தனார் என்றேன். அந்த வார்த்தையை இந்த ஊரில் முதல்முறை வாயால் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் என் முழங்காலுக்கு நீ எழுதியிருப்பது அவமரியாதை. கோபுரத்தின் முந்நூறு படியும் ஏறிக் காட்டுகிறேன், நீதான் நடுவில் மூச்சு வாங்குவாய். ஏழாம் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வெறும் ‘நடை’ என்று போட்டிருக்கிறாய். இரண்டரை மணி நேரம் ஒன்றும் தின்னாமல் நடப்பதற்கு நான் ஏன் அவ்வளவு தூரம் வரவேண்டும்? அங்கே ஒரு கேக் கடையைச் செருகு. ஒவ்வொன்றுக்கும் கீழே நீ சின்ன எழுத்தில் ‘ஆதாரம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தேன். ‘ஆதாரம்: கையேடு, பக்கம் 144.’ ‘ஆதாரம்: நூலகப் பிரதி, சரிபார்த்தது.’ உங்கள் அலுவலக வழக்கமா? நாங்கள் உப்புக்கு அட்டை எழுதுகிற மாதிரி நீங்கள் உண்மைக்கு எழுதுகிறீர்கள் போலிருக்கிறது.

மணியடித்துவிட்டது. பதினோராம் பக்கம் வரை வந்திருக்கிறேன். நாளை தொடர்கிறேன்.


செப்டம்பர் 3

பன்னிரண்டாம் பக்கம்.

‘மீன் சூப். மீன்சந்தைக்குப் பின்சந்து, பச்சைக் கதவு. பன்னிரண்டுக்கு முன் போகவேண்டும். ரொட்டி கேட்க வேண்டியதில்லை, தானாக வரும். ஆதாரம்: அண்ணன், வாய்மொழி, நவம்பர் 19.’

தேதியும் போட்டிருக்கிறாய். வேலையில் சுத்தம்.

அந்த நவம்பர் பதினெட்டாம் தேதி சாயங்காலம் உன் அண்ணன் பயிற்சியிலிருந்து திரும்பினான். அவன் சட்டைகளை நான்தான் துவைத்தேன். வாயிலெல்லாம் அந்தப் பயிற்சிக்கூடத்துச் சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றான், நான் தனியாகச் சமைத்துப் போட்டேன். ஆக அவன் போனது அந்த ஊருக்கு. நாம் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டு போன ஊருக்கு. மறுநாளே உனக்குத் தெரியும்.

அவன் எங்கே போனான் என்பது இப்போது எனக்கு ஒன்றுமில்லை, உண்மையாகவே சொல்கிறேன். ஜனவரியில் உன்னிடம் கேட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடம் கேட்டேன்.

தெரியாமல் எழுதினாயா, நான் பார்க்கட்டும் என்று எழுதினாயா?

நோட்டைத் திருப்பி அனுப்பவில்லை. மேற்கொண்டு படிக்கவும் இல்லை.


செப்டம்பர் 10

அண்ணி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். தெரியாமல்தான் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் எங்கிருந்து வந்தது, என்று வந்தது என்பது இல்லாமல் ஒரு தகவலை எழுதிக் கொடுத்தால் தாளையே திருப்பிவிடுவார்கள். ஐந்து வருஷமாகக் கை அப்படிப் பழகிவிட்டது. ஆனால் நோட்டை முடித்ததும் மூன்று முறை பிழை பார்த்தேன். மூன்று முறையும் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டித்தான் போனேன். அடுத்தவர் புத்தகத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் கண்ணில் படுகிறவள் நான். ஆகவே தெரியாமல்தான் என்று எழுதுகிறேன், அதை நானே முழுசாக நம்பவில்லை.

இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஆகஸ்ட் 22 அன்று எழுதி அனுப்பாமல் வைத்திருந்தது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நீங்கள் கண்டுபிடித்தபின் அனுப்புவதற்குப் பெருமை ஒன்றும் கிடையாது, தெரியும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் என் வேலையை உங்கள் தலையில் வைப்பதாகிவிடும். நான் பறித்தது எது என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன். அந்த நாற்காலி. அதோடு, அந்த வீட்டிலிருந்து உங்கள் சொந்த விருப்பத்தில், தலை நிமிர்ந்து, ஆறு மாதம் முன்னாலேயே கிளம்பியிருக்கக்கூடிய ஒரு ஜனவரி.

நான் அக்டோபர் ஒன்பதாம் தேதி போகிறேன். இரண்டு படுக்கை உள்ள அறை ஒன்று ஆற்றுப்பக்கம் எடுத்திருக்கிறேன், விடுதியின் பெயர் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் வரவேண்டும் என்று இதை எழுதவில்லை.

வரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.


செப்டம்பர் 28

அண்ணி,

பதில் இல்லை. இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தபால்காரர் அலுவலகத்துக்கு வரும் நேரத்தில் என் மேசை ஜன்னலருகே நகர்ந்துவிடுகிறது. தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா வெளிச்சத்துக்காக என்று நினைத்துக்கொண்டு, கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். நவம்பரை, ஜனவரியை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, ‘அவ கேட்டப்ப நீயாவது சொல்லியிருக்கலாமேடி’ என்றார். அம்மா உங்கள் பக்கம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. உங்களுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

வேறொன்றும் இல்லை.


அக்டோபர் 9, அந்த ஊர்

அண்ணி,

ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். பெரிய கடிகாரம், ஒவ்வொரு நிமிடத்துக்கும் முள் ஒரு குதி குதிக்கிறது. தரை கூட்டுகிற அம்மாள் என்னைச் சுற்றி மூன்று முறை கூட்டிவிட்டு, நாலாவது முறை காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். பிறகு நடந்தேன்.

படத்தில் இருப்பது மாதிரியே இருக்கிறது என்று எழுத ஆசை. இல்லை. பாலத்தில் பாதிக்குச் சாரம் கட்டி வலை போட்டிருக்கிறார்கள். காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கோபுரத்தில் நூற்றெழுபதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பேச்சு பலித்தது. ஏறிப் பார்த்தால் எல்லாத் திசையிலும் கூரைகள், எந்தப் பக்கம் பார்த்துச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் இறங்கி வந்தேன்.

சாப்பிட்டேன். காளான் போட்ட ஏதோ ஒன்று, சூடாக, நன்றாகத்தான் இருந்தது. எதிர் நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். வேண்டாம், ஆள் வருகிறார் என்று பொய் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பச்சைக் கதவுப் பக்கம் போகவில்லை. போகமாட்டேன்.

இதை உங்கள் வீட்டு முகவரிக்கு நாளை தபாலில் போடுகிறேன். நான் ஊர் திரும்பிய பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். நாளை காலை சந்தை. ஆறரைக்கே போகிறேன், விழித்துக்கொண்டுதான் கிடக்கப் போகிறேன்.

கொசு


அக்டோபர் 10, மாலை ஐந்து மணி
விடுதி வரவேற்பு மேசையில் கொடுத்தது

அதிகாலை விமானத்தில் வந்தேன். நேராகச் சந்தைக்குப் போனேன். ரொட்டி ஏழரையோடு தீர்ந்துவிடும் என்று நீ எழுதியிருந்தாலும் பத்தரைக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். சுற்றிக்கொண்டிருந்தாய். பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நின்று, துண்டு கேட்பதற்கு வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். உன் முதுகைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். கூப்பிட்டிருந்தால் அங்கேயே திட்ட ஆரம்பித்திருப்பேன், நடுச்சந்தையில் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். பிறகு நாள் முழுக்க நடந்தேன். இந்த ஊர்க் காற்று பொல்லாதது.

நான்காம் மாடியில் தனி அறை எடுத்திருக்கிறேன். உன் அறையில் இன்னொரு படுக்கை காலியாக இருப்பதாக இந்த மேசைக்காரர் சொன்னார். அது அப்படியே இருக்கட்டும். இன்று யாரையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை, கதவைத் தட்டாதே.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் இதை எழுத்தில் வைத்துக்கொண்டு என்னால் குடித்தனம் பண்ண முடியாது. உன் முகத்தைப் பார்த்துத் திட்டவேண்டும். உன் அண்ணனைத் திட்டியாயிற்று, வக்கீல் முன்னால் வைத்தே. உன்னைத் திட்ட யாரும் எனக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

நாளை காலை எட்டு மணிக்குக் கீழே சாப்பாட்டு அறைக்கு வா. எதிரில் உட்கார், பக்கத்தில் வேண்டாம். முதலில் நான் பேசுவேன். நீ குறுக்கே பேசாதே, ஒப்புக்கொள்கிறேன் என்று தலையாட்டிக்கொண்டே இருக்காதே, அழாதே. அழுதால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். தட்டில் இருப்பதைத் தின்றுகொண்டே கேள்.

நிறைய இருக்கிறது. ஒரு நாளில் முடியாது என்று தெரிந்துதான் லீவை இன்னும் இரண்டு நாள் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். உன் மூன்றாம் மாடிக்கும் தகவல் சொல்லிவிடு.